சிறு கட்சியும் அதன் வாக்காளரும்: கிந்தாப் பள்ளத்தாக்குத் தரும் சான்று

1957-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நாடு விடுதலை பெற்ற சில மாதங்களுக்குள், ஈப்போ–மெங்லெம்பு தொகுதியில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. அத்தொகுதியின் உறுப்பினராக இருந்த லியோங் இயூ கோ மலாக்கா மாநிலத்தின் கவர்னராக நியமனம் பெற்றமையால் அவ்விடம் காலியாயிற்று. இரண்டாண்டுகளுக்கு முன்னர் 52 தொகுதிகளில் 51-ஐக் கைப்பற்றிய பெரிக்காத்தான் கூட்டணி, தான் வைத்திருந்த இடத்தை எளிதில் மீட்டுக்கொள்ளும் என்றே பலர் எண்ணியிருப்பர். ஆனால் வென்றவர் டி.ஆர். சீனிவாசகம். அவர் இலங்கைத் தமிழ் மரபினர், வழக்கறிஞர், பேராக்கிற்கு வெளியே பலரும் பெயர் அறியாத ஒரு சிறு கட்சியின் தலைவர்களுள் ஒருவர். தொகுதியோ சீனர் பெருவாரியாக வாழும் ஈய நகரம்.

இதனை ஒரு தனி மனிதரின் நாவன்மைக்குக் கிடைத்த வெற்றி என்று சொல்லி முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். சீனிவாசகம் நாவன்மை மிக்கவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாவன்மை மிக்க தலைவர்கள் பலர் அதே காலத்தில் தோற்றிருக்கின்றனர். டத்தோ ஓன் பின் ஜாபாரைக் காட்டிலும் சிறந்த பேச்சாளர் அன்றைய மலாயாவில் எத்தனை பேர் இருந்தனர்? ஆதலின் கேட்க வேண்டிய வினா வேறு. தம் இனத்தார் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ள ஓர் ஊரில், இருவர் முன்னின்று நடத்திய ஒரு சிறு கட்சி, தனக்குரிய வாக்காளர் இன்னார் என்று எவ்வாறு கண்டுகொண்டது? அக்கட்சியின் எழுச்சியும் வீழ்ச்சியும் இந்த ஒரு வினாவுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

பெருங்கட்சிக்கு வாக்காளரைத் தேர்ந்தெடுக்கும் தொல்லை குறைவு. அது எல்லோரையும் அழைக்கலாம்; பாதிப் பேர் வந்தாலும் போதும். சிறு கட்சியின் நிலை அத்தகையதன்று. அதனிடம் பணமும் குறைவு, ஆட்களும் குறைவு. ஒரு தொகுதியில் முதலாவதாக வருபவருக்கே இடம் என்ற நம் நாட்டுத் தேர்தல் முறையில், நாடெங்கும் நூற்றுக்குப் பத்துப் பேர் ஆதரித்தாலும் ஓரிடமும் கிடைக்காமற் போகலாம். ஒரே வட்டாரத்தில் நூற்றுக்கு ஐம்பது பேர் ஆதரித்தால் நாலைந்து இடம் கிடைத்துவிடும். ஆகவே சிறு கட்சி நாடுவது, பெரியவர்கள் கைவிட்டவர்களாகவும், ஓரிடத்தில் திரண்டு வாழ்பவர்களாகவும் உள்ள மக்களை. இவற்றோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. அதைத்தான் பலரும் மறந்துவிடுகின்றனர். அம்மக்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும்.

1955-ஆம் ஆண்டுப் பட்டியல்

1955 ஜூலையில் நடந்த முதற் பொதுத் தேர்தலில் மலாயாவின் வாக்காளர் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். 11 பேர் சீனர். இந்தியர் ஐவருக்கும் குறைவு. மக்கள்தொகையில் மலாய்க்காரர் பாதியளவினர், சீனர் நூற்றுக்கு 37 என்பதை நினைவிற் கொண்டால், பட்டியலுக்கும் ஊருக்கும் எவ்வளவு இடைவெளி என்பது விளங்கும். அன்றைய குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான சீனரையும் இந்தியரையும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. குடியுரிமை பெற்றிருந்தவர்களிலும் பலர் பதிவு செய்துகொள்ள முன்வரவில்லை. அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நாளில், அரசாங்கப் பத்திரம் எதிலும் பெயர் ஏறுவதற்கு அஞ்சியவர்கள் இருந்தார்கள் என்றால் வியப்பில்லை.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அக்காலச் சிறு கட்சிகள் என்ன செய்தன என்று பார்த்தால் ஒரு நல்ல பாடம் கிடைக்கின்றது. டத்தோ ஓன் 1946-இல் அம்னோவைத் தோற்றுவித்தவர். மலாய்க்காரர் அல்லாதாரையும் அதில் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தி, அது நடவாமற்போகவே வெளியேறி, 1951-இல் மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். எல்லா இனத்தாரையும் அது அழைத்தது. 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தலில், அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து 12 இடங்களில் ஒன்பதைப் பிடித்தன. சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே. எல்லோரையும் அழைத்தவருக்குத் தமக்கென்று யாரும் இல்லை. பின்னர் 1954-இல் அவர் கட்சி நெகாராவை அமைத்து, மலாய்க்காரரின் அச்சங்களைப் பேசத் தலைப்பட்டார். பட்டியலைப் பார்த்தால் அது பிழையான கணக்கன்று. 84 பேர் இருக்கும் பக்கம்தானே போக வேண்டும்? ஆனால் அந்தப் பக்கத்தில் அம்னோ முன்னமே குடியேறியிருந்தது. 1955-இல் கட்சி நெகாராவுக்கு நாட்டு வாக்கில் நூற்றுக்கு எட்டளவு கிடைத்தும், ஒரு தொகுதியும் கிடைக்கவில்லை. டத்தோ ஓன் தம் சொந்த ஊரான ஜொகூர் பாருவிலேயே தோற்றார்.

கூட்டணியின் கைக்கு எட்டாமற் போன அந்த ஒரே தொகுதி எது தெரியுமா? பேராக்கில் உள்ள கிரியான். நெல் விளையும் அந்த வட்டாரத்தில் அகில மலாயா இஸ்லாமியக் கட்சி வென்றது. கட்சி நெகாரா பெற்ற வாக்கில் ஏறத்தாழப் பாதியே பெற்ற இக்கட்சிக்கு ஓரிடம் கிடைத்தது, அதற்குக் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் திரண்டிருத்தல் என்று மேலே சொன்னதன் பொருள் இதுதான்.

அதே தேர்தலில் போட்டியிட்ட இன்னொரு சிறு கட்சி பேராக் முற்போக்குக் கட்சி. 1953-இல் ஈப்போவில் தோன்றியது. டி.ஆர். சீனிவாசகமும் அவர் தமையனார் எஸ்.பி. சீனிவாசகமும் அதன் உயிர்நாடிகள், இருவரும் வழக்கறிஞர்கள். சிறிது காலம் கூட்டணியோடு ஒட்டியிருந்துவிட்டு விலகிய இக்கட்சி, 1955-இல் பெற்ற வாக்கு ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. நாடு முழுவதற்கும் ஆயிரம் வாக்கு! அன்று இக்கட்சியைப் பற்றி எழுதப் புகுந்த எவரும் இரங்கற் குறிப்பைத்தான் எழுதியிருப்பர்.

ஈய லம்பங்களின் ஓரத்தில்

கிந்தாப் பள்ளத்தாக்கைக் கண்டவர்களுக்கு அதன் அமைப்பை விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக் குன்றுகள், அவற்றின் அடியில் ஈய லம்பங்கள், லம்பம் தோண்டித் தோண்டி நீர் நிறைந்த குட்டைகள், அவற்றுக்கிடையே ஈப்போ, மெங்லெம்பு, பத்து காஜா, கம்பார் முதலிய ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதற்கொண்டு இங்கே வந்து குவிந்த சீனத் தொழிலாளர், ஈயத்தின் விலை விழுந்த போதெல்லாம் லம்பத்தை விட்டு விலகி, காட்டோரத்தில் நிலத்தைத் திருத்திக் காய்கறி பயிரிட்டும் பன்றி வளர்த்தும் பிழைத்தனர். ஜப்பானியர் ஆட்சியில் அரிசிப் பஞ்சம் வந்தபோது இவ்வாறு நிலத்தை நாடியவர் தொகை மேலும் பெருகிற்று. பட்டா இல்லாத நிலம் அது.

அவசரகாலத்தில், 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, இவ்வாறு சிதறி வாழ்ந்தவர்களை அரசாங்கம் முள்வேலியிட்ட புதுக் கிராமங்களில் கொண்டுவந்து குடியேற்றியது. நாடெங்கும் ஏறத்தாழ 480 புதுக் கிராமங்கள். ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். பேராக்கில்தான் அவற்றின் எண்ணிக்கை மிகுதி; பேராக்கிலும் கிந்தாவில்தான் நெருக்கம். கம்யூனிஸ்டுகளிடமிருந்து மக்களைப் பிரிப்பது அரசாங்கத்தின் நோக்கம். அது நிறைவேறியது. ஆனால் எவரும் எண்ணிப் பாராத ஒரு விளைவும் கூடவே வந்தது. காட்டோரத்தில் சிதறிக் கிடந்த மக்கள் இப்பொழுது வேலிக்குள், வீட்டுக்கு வீடு எண் இட்டு, ஒரு கூப்பிடு தூரத்தில் நெருங்கி வாழ்ந்தனர். ஒரு பொதுக்கூட்டம் போட்டால் ஒரு கிராமமே வந்து நிற்கும். ஒரு தேர்தல் ஊழியர் ஒரே மாலையில் ஐம்பது வீட்டுக் கதவைத் தட்டலாம். சிறு கட்சிக்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இக்கிராமங்கள் பலவற்றில் ஊராட்சி மன்றத் தேர்தலும் நடக்கலாயிற்று. தேர்தல் என்றால் என்ன என்பதை அம்மக்கள் அங்கேயே பழகிக்கொண்டனர்.

இம்மக்களுக்காகப் பேச ஏற்கெனவே ஒரு கட்சி இல்லையா என்று கேட்கலாம். மலாயாச் சீனர் சங்கம் இருந்தது. புதுக் கிராமங்களுக்கு அது 1950-களின் தொடக்கத்தில் உதவிப் பணமும் வழங்கியது. எனினும் அது தவுக்கேமார்களின் சங்கம். லம்ப முதலாளியும் அதில்தான் இருந்தார், வங்கி முதலாளியும் அதில்தான் இருந்தார். அன்றியும், அம்னோவுடன் கூட்டுறவு கொண்டிருந்தமையால், மொழி, குடியுரிமை ஆகியவற்றில் ஓர் எல்லைக்கு மேல் அதனால் குரல் கொடுக்க இயலவில்லை. இடதுசாரிகளான தொழிற்கட்சியும் மக்கள் கட்சியும் 1957-இல் சோஷலிஸ்ட் முன்னணியாக இணைந்தன; ஆயினும் அவற்றின் வலிமை பினாங்கிலும் சிலாங்கூரிலும் இருந்தது. கிந்தாவின் ஏழைச் சீனர் ஆளில்லாத வீடு போல் இருந்தனர். சீனிவாசகம் சகோதரர்கள் அவ்வீட்டின் கதவைத் தட்டினார்கள்.

அவர்கள் வழக்கறிஞர்கள் என்பதையும் மறக்கலாகாது. அவசரகாலச் சட்டங்களும் நில ஒழுங்குகளும் ஏழையைச் சூழ்ந்திருந்த ஊரில், நீதிமன்றத்தில் தனக்காக எழுந்து நிற்கும் வழக்கறிஞர் யார் என்பதுதான் ஏழை அறிந்த அரசியல். டி.ஆர். சீனிவாசகம் தமிழரா சீனரா என்று கேட்பதற்கு அங்கே இடமில்லை.

பட்டியல் மாறிய ஆண்டு

ஆனால் வாக்குச் சீட்டு இல்லாத ஆதரவு தேர்தல் நாளில் பயன்படாது. 1955-இல் அக்கட்சி ஆயிரம் வாக்குப் பெற்றதன் காரணம் இதுவே. அது நாடிய மக்கள் பட்டியலில் இல்லை. இந்நிலையை மாற்றியது 1957-ஆம் ஆண்டு அரசியல் சட்டம்.

சட்டம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், சீனர் கில்டுகளும் சங்கங்களும் ஒன்றுகூடிச் சில கோரிக்கைகளை வைத்தன: மலாயாவிற் பிறந்தோர் அனைவருக்கும் பிறப்புரிமையாகக் குடியுரிமை, வெளியிற் பிறந்தவர்களுக்கு ஐந்தாண்டு வாசத்தின் பேரில் குடியுரிமை, எல்லாக் குடிகளுக்கும் சம உரிமை, சீனமும் தமிழும் உட்படப் பல மொழிகளுக்கு அதிகாரத் தகுதி. இவ்வியக்கத்தின் தலைவர் ஈப்போவின் லாவ் பாக் குவான், லம்ப முதலாளி, சீனர் சங்கத்தின் பேராக்கு முதல்வர்களுள் ஒருவர். தம் கட்சித் தலைமை இக்கோரிக்கைகளை விட்டுக்கொடுத்தபோது அவர் மனம் பொறாது இலண்டனுக்கே தூது சென்றார். பயன் விளையவில்லை. கில்டுகள் ஏந்தி நின்ற கொடி கீழே விழுந்தபோது, அதை அப்படியே எடுத்துத் தூக்கியது முற்போக்குக் கட்சி. 1956-இல் அது தன் பெயரை மக்கள் முற்போக்குக் கட்சி என்று மாற்றிக்கொண்டிருந்தது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் பேராக்கின் 'பி' மறைந்து மக்களின் 'பி' வந்ததால் சுருக்கப் பெயர் மாறவில்லை. பேராக்கு எல்லையைத் தாண்ட வேண்டும் என்ற ஆசை அப்பெயரில் தெரிகின்றது. தாண்டியதா என்பது வேறு கதை.

கோரிக்கைகள் முழுதும் ஏற்கப்படாவிடினும், புதிய அரசியல் சட்டம் கதவை ஓரளவு திறந்தது. விடுதலை நாளன்றும் அதன் பின்னும் இந்நாட்டிற் பிறப்போர் பிறப்பினாலேயே குடிமக்கள். முன்னரே இங்குப் பிறந்து வளர்ந்தோர், ஏழாண்டில் ஐந்தாண்டு வாழ்ந்திருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். முதலோராண்டுக்குள் மனுச் செய்தால் அவர்களுக்கு மலாய் மொழித் தேர்வும் இல்லை. அந்த ஓராண்டு, 1957 ஆகஸ்டு முதல் 1958 ஆகஸ்டு வரை, இந்நாட்டுச் சிறு கட்சிகளின் வரலாற்றில் எந்தத் தேர்தலைக் காட்டிலும் முக்கியமானது என்பது என் கருத்து. மனுச் செய்தவர் பல இலட்சம். 1959-ஆம் ஆண்டுப் பட்டியலில் வாக்காளர் தொகை 21 இலட்சத்தைக் கடந்தது. மலாய்க்காரர் நூற்றுக்கு 57 அளவாகக் குறைந்தனர். சீனர் 35-க்கு மேல் உயர்ந்தனர். இந்தியர் ஏழுக்குச் சற்று மேல். நான்கே ஆண்டுகளில் சீன வாக்காளரின் பங்கு மும்மடங்காயிற்று.

1958-இல் ஈப்போ நகராண்மைக் கழகம் முற்போக்குக் கட்சியின் கைக்கு வந்தது. 1959 ஆகஸ்டில் நாடாளுமன்றத் தேர்தல். அதற்கு முந்திய மாதம் சீனர் சங்கத்தில் பெரும் பிளவு, தலைவர் லிம் சோங் இயூ அதிக இடங்களும் சீனக் கல்விக்கு உறுதியும் கேட்டார், துங்கு இணங்கவில்லை, சங்கம் 31 தொகுதிகளோடு அடங்கியது, அவற்றிலும் 19-இல்தான் வென்றது. கிந்தாவில் அதன் இழப்பு முற்போக்குக் கட்சியின் வரவு. நாடாளுமன்றத்தில் நான்கு இடங்கள், பேராக்குச் சட்டமன்றத்தின் 40-இல் எட்டு இடங்கள். நாடாளுமன்றத்து நால்வரும் கிந்தாப் பள்ளத்தாக்கினர். அண்ணன் மெங்லெம்பில், தம்பி ஈப்போவில்.

அதே 1959-இல் கிழக்குக் கரையில் இஸ்லாமியக் கட்சி இதே கணக்கை வேறொரு மக்களிடம் போட்டு 13 இடங்களை வென்றது: கிளந்தானில் ஒன்பது, திரெங்கானுவில் நான்கு. சமயப் பள்ளி ஆசிரியர்களே அதன் தேர்தல் ஊழியர்கள். அதன் தலைவர் டாக்டர் புர்ஹானுடின் பேராக்கிற் பிறந்தவர். போட்டியிட்டதோ திரெங்கானுவின் பெசூட்டில். டத்தோ ஓனும் ஜொகூரை விட்டுக் கோலத் திரெங்கானுவுக்குச் சென்றே வென்றார். தலைவர் பிறந்த ஊர் ஒன்று, அவருடைய வாக்காளர் வாழும் ஊர் வேறொன்று.

தமிழர் எங்கே?

இத்துணையும் படித்த தமிழ் வாசகர், தமிழராகிய சீனிவாசகம் சகோதரர்கள் தமிழ் வாக்காளரை ஏன் முதலில் நாடவில்லை என்று கேட்பது இயல்பு. கேட்கத்தக்க கேள்விதான்.

இந்தியர் பெரும்பான்மையினராக இருந்த தொகுதி இந்நாட்டில் அன்று ஒன்றும் இல்லை. இரப்பர்த் தோட்டம் ஒவ்வொன்றும் ஒரு தீவு. பேராக்கின் தோட்டத் தமிழர், சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் ஆன்சன் வரை, பல தொகுதிகளில் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடந்தனர். புதுக் கிராமத்துச் சீனரை அரசாங்கமே ஒன்று சேர்த்து வைத்தது. தோட்டத் தமிழரைச் சேர்த்து வைப்பார் இல்லை. தோட்டத்துக்குள் செல்ல மானேஜரின் அனுமதி வேறு வேண்டும். தொழிற்சங்கமும் மலாயா இந்தியர் காங்கிரசும் அங்கே முன்னமே கால் ஊன்றியிருந்தன.

ம.இ.கா.வும் ஒரு சிறு கட்சிதான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அதற்கும் இதே நெருக்கடி வந்தது. 1952-இல் அது டத்தோ ஓனின் சுதந்திரக் கட்சியை ஆதரித்துத் தோற்றது. பின்னர் 1954-இல் கூட்டணியிற் சேர்ந்தது. 1955-இல் அதற்கு ஒதுக்கப்பட்ட இரண்டு தொகுதிகளிலும் வென்றது. அவற்றுள் ஒன்று கிந்தா உத்தாரா, வென்றவர் வீ.தி. சம்பந்தன். ஆக, ஒரே வட்டாரத்தில், ஒரே காலத்தில், தமிழ்த் தலைவர்கள் இரு வேறு விடைகளைக் கண்டனர். சம்பந்தன் தம் இனத்தாரின் பெயரால் நின்று, கூட்டணித் தோழர்களின் வாக்கால் வென்றார். சீனிவாசகம் தம் இனத்தாரின் பெயரைச் சொல்லாமல் நின்று, அயலாரின் நேரடி வாக்கால் வென்றார்.

இவற்றுள் எது மேல்? அமைச்சர் பதவி சம்பந்தனுக்கு 1955-லேயே கிடைத்தது. சீனிவாசகம் அதனைக் கண்டதேயில்லை. மறுபுறம், தமிழும் நாட்டின் அதிகார மொழிகளுள் ஒன்றாக வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அச்சமின்றிப் பேச சீனிவாசகத்தால் முடிந்தது; கூட்டணிக்குள் இருந்தவர்களால் முடியவில்லை. ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சீன மொழிக்கு இடம் கேட்டபோதுதான் தமிழுக்கும் இடம் கேட்கப்பட்டது. நெல்லுக்கு இறைத்த நீர் என்று சொல்வார்களே, அது போன்றது. தோட்டத் தமிழருக்கென்று, அவர்களையே முதல் வாக்காளராகக் கொண்டு எழுந்த கட்சி இவ்விரண்டில் எதுவும் அன்று. தோட்டத் தமிழரைத் தன் பெயரால் அழைத்த கட்சியும் வெற்றிக்கு மற்றவரின் வாக்கையே நம்பியிருந்தது. கணக்கு அப்படி.

தேர்வின் விலை

ஒரு மக்கட் கூட்டத்தைத் தன் வாக்காளராகக் கொண்ட கட்சி, அவர்கள் விரும்பும் சொல்லைச் சொல்ல வேண்டும். அச்சொல் மற்றவர் காதிலும் விழும். பல மொழி, சம உரிமை என்ற முழக்கம் கிந்தாவில் கதவைத் திறந்தது. அதே முழக்கம் பேராக்கின் மலாய்க் கம்பங்களில் கதவை அடைத்தது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அதே முழக்கத்துக்கு வேறு கட்சிகள் உரிமை கொண்டாடின. ஆகவே பெயரை மாற்றியும் கட்சி பேராக்கை விட்டு நகரவில்லை.

விதிகளும் அசைந்தன. 1962-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, நாட்டுப்புறத் தொகுதி நகரத் தொகுதியின் வாக்காளர் தொகையில் பாதியே கொண்டிருக்கலாம் என்றாயிற்று. நெருங்கி வாழும் மக்களை நம்பியிருந்த கட்சிக்கு இது பேரிடி. எந்த நெருக்கம் அதற்கு வலிமை தந்ததோ அதே நெருக்கத்துக்கு மதிப்புக் குறைக்கப்பட்டது. 1964 தேர்தலில் இந்தோனேசியாவுடனான மோதலும் சேர்ந்துகொண்டது. நாட்டைக் காக்கும் அரசு என்று மக்கள் கூட்டணியின் பின் திரண்டனர். முற்போக்குக் கட்சிக்கு மிஞ்சியவை இரண்டு இடங்கள்: ஈப்போவும் மெங்லெம்பும். அண்ணனும் தம்பியுமே கட்சி என்றாயிற்று. சட்டமன்றத்தில் ஐவர்.

அதே தேர்தலில் சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் நுழைந்தது. அதுவும் நகரச் சீனரையே நாடியது. ஆனால் வினோதமான முறையில் நாடியது: தன் பகை அம்னோவுடன் அன்று, சீனர் சங்கத்துடன் மட்டுமே என்றது. வாக்காளருக்கு அது விளங்கவில்லை. பங்சாரில் தேவன் நாயர் ஒருவர்தான் வென்றார். இந்தக் கிளையே பின்னர் 1966-இல் ஜனநாயகச் செயல் கட்சியாக உருவெடுத்தது.

தேய்ந்திருந்த முற்போக்குக் கட்சிக்கு மீண்டும் ஒளி தந்தது டி.ஆர். சீனிவாசகத்தின் நாடாளுமன்றப் பணி. கல்வி அமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவர் ஊழல் குற்றம் சாட்டினார். சபையின் பாதுகாப்பில் ஒளியாமல் வெளியிலும் அதைச் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1965-இல் வழக்கில் தோற்றுப் பதவி விலகினார். தமக்கு வாக்களித்த புதுக் கிராமத்து மனிதன் இவரிடம் எதிர்பார்த்தது இதைத்தான்: பெரியவனை நீதிமன்றத்துக்கு இழுக்கும் வழக்கறிஞரை. 1967-இல் தேசிய மொழி மசோதா வந்தபோதும் கட்சி பழைய கொடியைத் தாழ்த்தவில்லை. ஆனால் 1965-இல் அரசாங்கம் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்துவிட்டது. பிறகு அவை நடக்கவேயில்லை. கிராம மன்றங்கள் வழியே ஆண்டுதோறும் வாக்காளரின் வாசலில் நின்ற கட்சிக்கு அந்த வாசல் மூடப்பட்டது. இதன் விளைவு உடனே தெரியவில்லை.

1969 மார்ச்சில் டி.ஆர். சீனிவாசகம் மறைந்தார். மே மாதம் தேர்தல். எதிர்க்கட்சிகள் மூன்றும், முற்போக்குக் கட்சியும் ஜனநாயகச் செயல் கட்சியும் புதிதாகத் தோன்றிய கெராக்கானும், ஒருவர் தொகுதியில் ஒருவர் குறுக்கிடாதபடி பிரித்துக்கொண்டு நின்றன. பேராக்குச் சட்டமன்றத்தில் முற்போக்குக் கட்சிக்கு 12 இடங்கள் கிடைத்தன; அதன் வரலாற்றிலேயே மிகுதி. கூட்டணிக்கு 19, செயல் கட்சிக்கு ஆறு, கெராக்கானுக்கு இரண்டு, இஸ்லாமியக் கட்சிக்கு ஒன்று. 40 இடங்களில் எவருக்கும் பாதி கூட இல்லை. ஈப்போவில் ஆயிரம் வாக்கோடு தொடங்கிய கட்சி ஒரு மாநில ஆட்சியின் வாசற்படியில் நின்றது. மூன்றே நாட்களில் மே 13 வந்தது.

நாடாளுமன்றம் மீண்டும் கூடிய பின்னர், துன் அப்துல் ரசாக் எதிர்க்கட்சிகளைத் தம் பக்கம் அழைத்தார். எஸ்.பி. சீனிவாசகம் 1972-இல் பேராக்கில் கூட்டணியோடு கூட்டாட்சிக்கு இணங்கினார். 1974-இல் கட்சி பாரிசான் நேஷனலில் சேர்ந்தது. ஈப்போ நகர நிர்வாகம், மாநில ஆட்சியிற் பங்கு, புதுக் கிராமத்தாருக்கு நிலப் பட்டா வாங்கித் தரும் வாய்ப்பு ஆகியவை உள்ளே இருந்தால்தான் கிட்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை, ம.இ.கா. இருபதாண்டுகளுக்கு முன் போட்ட கணக்கையே அவரும் போட்டார். ஆனால் ம.இ.கா.வின் வாக்காளர் சிதறியிருந்தமையால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. கிந்தாவின் வாக்காளர் திரண்டிருந்தனர். அவர்களுக்குப் போக்கிடமும் இருந்தது. கூட்டணியை எதிர்ப்பதற்காகவே அவர்கள் இக்கட்சியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

1974 ஆகஸ்டுத் தேர்தலில் ஈப்போவும் மெங்லெம்பும் ஜனநாயகச் செயல் கட்சிக்குச் சென்றன. எஸ்.பி. சீனிவாசகமும் தோற்றார். நாடெங்கும் முற்போக்குக் கட்சிக்குக் கிடைத்த நாடாளுமன்ற இடம் ஒன்றே ஒன்று. மறு ஆண்டு அவர் காலமானார். ஈப்போ நகரின் நடுவே தம்பியின் பெயரால் ஒரு பூங்கா இருக்கின்றது. மாலையில் குழந்தைகள் விளையாடுகின்றன. கிந்தாவின் பழைய புதுக் கிராமங்கள் பலவற்றில் 1974 முதல் இன்றுவரை அந்த மற்றக் கட்சியின் கொடிதான் பறக்கின்றது.